காலை ஒன்பதரை மணி விளம்பரம்: டிவி, பத்திரிகை விளம்பரப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகளிலும் பத்திரிகைகளிலும் விளம்பரப் பிரிவைக் கவனிக்கிறவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை வந்து 16 வருடம் ஆகிறது. நாலைந்து வருடமாக உள்ளங்கால் எரிச்சல், மதமதப்பு. ஒரு கால் செருப்பு கழன்று வாசலிலேயே கிடக்க, அது தெரியாமல் கடை வரைக்கும் நடந்து போயிருக்கிறார். போன வருடம் காலை ஒன்பதரை மணிக்கு டிவியில் வந்த அரைமணி நேர விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பாதத்தை வைத்து உட்காரும் மின்சிகிச்சைக் கருவி ஒன்றை 14,500 ரூபாய்க்கு வாங்கினார். சீட்டு எடுத்த பணம். எனக்குப் பெட்டி வந்த பிறகுதான் தெரியும்.

எதை நம்பி வாங்கினீங்க என்று கேட்டேன். "கவர்மென்ட்டே பேடன்ட் குடுத்திருக்குது கண்ணு, நம்பர் போட்டிருக்குது பாரு" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினார். தங்கநிற ஸ்டிக்கரில் ஒரு நீளமான எண்.

அந்த எண்ணைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். விண்ணப்பம் கொடுத்ததும் எல்லோருக்கும் கிடைக்கிற எண் அது. காப்புரிமை வழங்கப்படவே இல்லை. வழங்காததை வழங்கியதாகச் சொன்னால் காப்புரிமைச் சட்டத்திலேயே அபராதம் உண்டு.

சரி, உண்மையிலேயே வாங்கியிருந்தாலும் அதற்கு என்ன பொருள்? காப்புரிமை அலுவலகம் பார்ப்பது, கருவி புதியதா, ஏற்கெனவே தெரிந்ததைத் தாண்டி ஏதாவது செய்திருக்கிறார்களா, தொழிலில் பயன்படுத்த முடியுமா என்பதை. நோயாளிக்கு வைத்துப் பார்த்துக் குணமாகிறதா என்று சோதிப்பது அவர்கள் வேலை இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(i) பிரிவுப்படி சிகிச்சை முறைக்குக் காப்புரிமையே கிடையாது. கருவியின் அமைப்புக்குத்தான் உண்டு. இன்னொருவர் அதே மாதிரி செய்து விற்கக் கூடாது என்று 20 வருடத்துக்குக் கிடைக்கும் உரிமை அது. இதைத்தான் என் அம்மா சர்க்கார் கொடுத்த நற்சான்றிதழ் என்று படித்தார். அப்படிப் படிக்கும்படிதான் விளம்பரமும் இருந்தது.

இது புதுக் கதை இல்லை. 1796-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த எலிஷா பெர்கின்ஸ் என்ற மருத்துவர், மூன்று அங்குல நீளமுள்ள இரண்டு உலோகக் கம்பிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். வலிக்கிற இடத்தில் அவற்றை வைத்து இழுத்துத் தடவினால், வலிக்குக் காரணமான மின்பாய்மம் (திரவம் போல உடம்பில் ஓடுவதாக அன்று நம்பிய மின்சாரம்) வெளியேறிவிடும் என்றார். அவருடைய மகன் பெஞ்சமின் லண்டனுக்குப் போய் ஒரு ஜோடி ஐந்து கினி (அன்றைய பிரிட்டிஷ் தங்க நாணயம்) விலைக்கு விற்றார். படித்தவர்களும் வாங்கினார்கள்.

1799-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர், மரத்தில் அதே வடிவத்தில் கம்பி செய்து, உலோகம் போலவே சாயம் பூசினார். மூட்டுவாத நோயாளிகள் ஐந்து பேருக்கு அதை வைத்துத் தடவினார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் நிஜமான உலோகக் கம்பியால் தடவியபோதும் அதே பலன்தான். சோதனை என்றால் அவ்வளவுதான். மரக்கட்டையையும் உலோகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அந்தக் காப்புரிமைப் பத்திரம் அல்ல, ஹேகார்த். (பெர்கின்ஸ் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். மஞ்சள் காய்ச்சல் பரவிய நியூயார்க்குக்குத் தன் மருந்தோடு சிகிச்சை செய்யப் போய், அந்தக் காய்ச்சலிலேயே அதே 1799-இல் இறந்தவர் அவர்.)

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே சோதனை தெரியாமலே நடந்திருந்தது. அம்மா தினமும் விடிகாலையில் அந்தக் கருவியில் 20 நிமிடம் கால் வைத்து உட்காருவார். முடிந்ததும் தினசரி காலண்டர் தாளில் "எரிச்சல் கம்மி" என்று பென்சிலில் எழுதி வைப்பார். மூன்றாவது மாதம் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்ததால், தெருக்கோடி டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அடிமூடியைக் கழற்றி, "தகட்டுக்குப் போற வயர் ரெண்டும் சால்டர் விட்டுக் கிடக்குதுங்க, லைட்டு மட்டும்தான் எரிஞ்சிருக்குது" என்றார். வயர் முனையில் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் வெகுநாள் ஆகியிருக்கும் என்றார்.

அம்மா பொய் எழுதவில்லை. இருட்டு விலகும் நேரத்தில் அடுப்படிக்கு ஓடாமல் 20 நிமிடம் சும்மா உட்கார்ந்தால் யாருக்கும் இதமாகத்தான் இருக்கும். என் கோபம் வேறு. "சர்க்கரைக்கும் இதுவே போதும்" என்று விளம்பரத்தில் சொன்னதை நம்பி இரவு மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 7.6 சதவீதத்திலிருந்து 10.2-க்கு ஏறியது. கட்டை விரலில் வந்த சின்னப் புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று.

மின்சாரத்தால் வைத்தியமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. என் பெரியப்பா நெஞ்சில் பேஸ்மேக்கர், அதாவது மின்துடிப்பு கொடுத்து இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் கருவி, ஓடுகிறது. உடம்புக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் ஒன்றை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் வில்சன் கிரேட்பேட்ச், இதயத் துடிப்பைப் பதிவு செய்ய ஒரு சுற்று அமைக்கும்போது தவறான மின்தடையைப் பொருத்திவிட, அது இதயம் போலவே விட்டுவிட்டுத் துடித்ததாம். 1958-இல் நாயின் இதயத்தில் வைத்துப் பார்த்து, 1960-இல் மனிதர்களுக்குப் பொருத்தத் தொடங்கி, 1962-இல்தான் காப்புரிமை கைக்கு வந்தது. ஆனால் பெரியப்பாவுக்கு அதை வைத்த டாக்டர் பேடன்ட் எண்ணைப் பார்த்து வைக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வைத்தியத்துக்கு என்று ஒரு கருவியை விளம்பரம் செய்ய யார் வந்தாலும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் எங்கே, எந்த நோய்க்கு என்று அதில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 1954-ஆம் ஆண்டு ஆட்சேபகரமான விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது; அதைக் குணமாக்குவதாகச் சொல்லும் வசனத்தை வெட்டுங்கள். "பேடன்ட் பெற்றது" என்று திரையில் போடும் முன் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எனக்கு அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கருவியைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம். அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். நேற்று ஒன்பதரை மணிக்கு அந்த விளம்பரம் மறுபடி ஓடியது. இப்போது முழங்காலுக்கும் ஆகும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்,
ஈரோடு