வெங்காயத்துக்குச் சேதி சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் செல் பிரிதல் பற்றிய வினா விடை வந்திருந்தது. பேத்திக்காகக் கத்தரித்து வைக்கப் போனவன், படித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் 12 கேள்விகள். எல்லாமே செல் பிரியும்போது வரும் நிலைகளான புரோஃபேஸில் என்ன நடக்கும், மெட்டாஃபேஸில் குரோமோசோம் எங்கே நிற்கும் என்கிற வகை. விடைகளில் பிழை இல்லை. ஆனால் ஒரு செல் எப்போது பிரியலாம் என்று எதை வைத்து முடிவு செய்கிறது என்று ஒரு கேள்விகூட இல்லை. 31 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தினேன். நானும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆகவே குற்றத்தில் பாதி என்னுடையது. அது எப்படி எனக்கு உறைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1998 பிப்ரவரி. பிளஸ் டூ மாதிரி செய்முறைத் தேர்வு திங்கட்கிழமை. வழக்கம்போல புதன்கிழமையே ஹார்லிக்ஸ் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, வாய்மேல் வெங்காயத்தை உட்கார வைத்தாயிற்று. அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். வெள்ளிக்கிழமை பார்த்தபோது வெள்ளை வெளேரென்று வேர் இறங்கியிருந்தது. சனி, ஞாயிறு ஆய்வுக்கூடம் பூட்டு. ஜன்னலோரம் வெயில் வேறு. திங்கள் காலை வந்து பார்த்தால் பல பாட்டில்களில் தண்ணீர் வற்றிக் கீழே போய், வேர் நுனிகள் அந்தரத்தில் தொங்குகின்றன. காய்ந்து சருகாகவில்லை, கொஞ்சம் மங்கியிருந்தன, அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவசரமாகத் தண்ணீர் ஊற்றித் தேர்வை ஆரம்பித்துவிட்டேன்.

பிள்ளைகள் நுனியை வெட்டி, அசிட்டோகார்மைன் சாயம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டி, கட்டை விரலால் அழுத்தி ஸ்லைடு போட்டார்கள். நானும் ஒவ்வொரு மைக்ராஸ்கோப்பாகக் குனிந்து பார்த்தேன். எங்கே பார்த்தாலும் கட்டம் கட்டமாக செல், நடுவில் உருண்டை நியூக்ளியஸ். பிரியும் செல் ஒன்றுகூட இல்லை. சாதாரணமாக வேர் நுனியில் நூறு செல் எண்ணினால் நாலைந்தாவது மாட்டும். ஆனால் விடைத்தாளில் பாருங்கள், நாலு நிலையும் அச்சு அசலாக, அம்புக்குறி போட்டு, பாகங்கள் குறித்து! ரெக்கார்டு நோட்டில் வரைந்த பழக்கம். அத்தனைக்கும் நான் முழு மதிப்பெண் போட்டேன். ஒரே ஒரு மாணவி மட்டும் உருண்டை நியூக்ளியஸை வரைந்து, "பிரியும் செல் காணப்படவில்லை" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

அந்தப் பெண் எழுதியதுதான் சரி. வேருக்குத் தண்ணீர் நின்றதும், பிரிய ஆரம்பித்திருந்த செல்கள் வேலையை முடித்துக்கொண்டன. புதிதாக எதுவும் ஆரம்பிக்கவில்லை. அதனால்தான் அரைகுறையாக நிற்கும் செல்லைக்கூட யாராலும் பார்க்க முடியவில்லை.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் இதைப் படிக்காதவர்களும் அறிவார்கள். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். காற்று புகும்படி தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, மேலே கீற்று வேய்ந்திருக்கும். மாதக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். ஐப்பசி மழையில் ஒரு மூலையில் ஈரம் ஏறினால் போதும், அந்த மூலை மட்டும் வேர் விட்டு முளை தள்ளும். ஈரம் சொன்ன சேதியை அடித்தட்டுச் செல்கள் கேட்டுக்கொண்டன என்று வகுப்பில் நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

சேதி ஈரம் மட்டுமில்லை. 1948இல் அமெரிக்காவில் கேப்லின், ஸ்டீவர்டு என்ற இருவர் கேரட் துண்டுகளைச் சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலில் போட்டுப் பார்த்தார்கள். சாப்பாடு இருந்தும் செல்கள் சும்மா கிடந்தன. தேங்காய்த் தண்ணீர் சேர்த்ததும் பிரிய ஆரம்பித்தன! அதில் சைட்டோகைனின் வகைப் பொருள், அதாவது செல்களைப் பிரியத் தூண்டும் தாவர ஹார்மோன், இருப்பது பின்னாளில் தெரிந்தது. நம் வாசலில் தேங்காய் உடைத்துக் கொட்டும் அதே தண்ணீர்தான்.

அந்தச் சேதி உள்ளே போய் என்ன செய்கிறது என்பது 1999இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் மரே குழுவினர் செய்த ஆய்வில் தெளிவானது. சைட்டோகைனின் வந்தால் செல்லில் சைக்ளின் டி என்ற புரதம் கூடுகிறது. அது தன் கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்து, ஆர்பி என்ற பூட்டுப் புரதத்தைத் திறக்கிறது. பூட்டு திறந்த பிறகுதான் டிஎன்ஏ நகலெடுப்பு, புரோஃபேஸ் எல்லாம். டிஎன்ஏ நகலெடுப்புக்கு முந்தின கட்டமான ஜி1 பற்றிப் பாடத்தில் ஒரு பத்தி இருக்கிறதே, பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் படத்துக்குப் போய்விடுவார்களே, அந்த இடத்தில்தான் இந்தப் பூட்டு இருக்கிறது. அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. சைக்ளின் டியை எந்நேரமும் உண்டாக்கும்படி செடியை மாற்றினார்கள். அதன் இலைத் துண்டுகள் வெளியிலிருந்து சைட்டோகைனின் கொடுக்காமலே பிரிந்துகொண்டு போயின. சேதி வராமலே வந்ததாக நினைத்துக்கொண்ட செல்கள்.

இதைப் படித்ததும் புற்றுநோய் ஞாபகம் வந்தால் சரிதான். ஆர்பி என்ற பெயரே ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற, குழந்தைகளின் கண்ணில் வரும் புற்றுநோயிலிருந்து வந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரியும், அதைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. அந்தக் கட்டியின் செல்களில் ஆர்பி மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டுப்போயிருக்கும். வெங்காயத்திலும் மனிதனிலும் அதே குடும்பத்துப் பூட்டு. மார்பகப் புற்றுக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்லிப் மாத்திரை, அந்தப் பூட்டைத் திறக்கும் கூட்டாளிப் புரதத்தைத்தான் தடுக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? புதிய கருவி எதுவும் வேண்டாம். செய்முறை நாளில் மூன்று வெங்காயம் வையுங்கள். ஒன்று தண்ணீரில் வேர் விட்டது. ஒன்று அதே மாதிரி வேர் விட்டு, முந்தின நாள் தண்ணீர் இறக்கப்பட்டது. மூன்றாவது, தண்ணீரே காணாதது. அதற்கு வேர் இருக்காது, அப்படியே மேஜைமேல் இருக்கட்டும். முதல் இரண்டிலும் பிரியும் செல்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி வந்தது பூஜ்யம் என்றால் பூஜ்யத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

உங்கள் மாணவர் பக்கத்தில் இடம் கொடுத்தால் அடுத்த 12 கேள்விகளை நானே எழுதித் தருகிறேன். பக்கத்துப் பள்ளிகள் யாராவது முயன்று பார்ப்பதாக இருந்தால் வெங்காயச் செலவும் என்னுடையது. விலை கிலோ நூறைத் தாண்டாத வரைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பெரம்பலூர் மாவட்டம்.