பாப்பாவின் ஓட்டத்துக்கு அவசரம் வேண்டாம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள பெரிய தம்பிக்கு,

என் பேத்தி பாப்பா 1500 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள் என்று கேட்டதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. நீ மூன்று விஷயம் கேட்டிருந்தாய். இனி தினமும் பயிற்சி வைக்கலாமா, கார்பன் தகடு வைத்த விலை கூடிய ஷூ வாங்கலாமா, ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு ஓடுவதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் தனிப்பயிற்சி கொடுக்கலாமா. மூன்றுக்கும் வேண்டாம் என்பதே என் பதில். அதிலும் மூன்றாவதன் பக்கமே போகாதே. ஏன் என்று எழுதுகிறேன், மருமகளும் நீயும் சேர்ந்து படியுங்கள்.

முதலில் நீ அனுப்பிய வீடியோ. பாப்பா முதல் 300 மீட்டரை 58 வினாடியில் கடந்திருக்கிறாள். அதே வேகத்தில் கடைசி வரை போனால் 4 நிமிடம் 50 வினாடியில் முடிக்க வேண்டும். அவள் முடித்ததோ 5:42. மூன்றாவது சுற்றை மறுபடி பார். தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிவிட்டது, கை முன்னும் பின்னும் போகாமல் மார்புக்குக் குறுக்கே ஆடுகிறது, பாதம் தரையில் சத்தத்தோடு விழுகிறது. அவளுக்கு மூச்சோ பலமோ போதவில்லை என்று நினைக்காதே. புறப்பட்ட வேகம்தான் காரணம். ஓட்டம் தொடங்கியவுடன் தசையில் சேமித்து வைத்த சக்தி உடனே கிடைக்கும். இதயமும் நுரையீரலும் வேலையை முழுதாக ஏற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போல ஆகும். அதனால் முதல் 300 மீட்டரை எந்த வேகத்தில் ஓடினாலும் கால் லேசாகத்தான் இருக்கும். அந்த லேசை நம்பித்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்.

அடுத்த போட்டிக்கு 5:30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 88 வினாடி. 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று, ஆகவே முடிவுக்கோட்டை முதல் தடவை கடக்கும்போது 300 மீட்டர் முடிந்திருக்கும். அப்போது 66 வினாடி. அடுத்த தடவை 2:34. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது 4:02. இந்த மூன்று எண்ணையும் அவள் மனப்பாடம் செய்யட்டும். மனப்பாடம் மட்டும் போதாது, வேகம் காலுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு 300 மீட்டர் ஓடச் சொல். முடித்ததும் எத்தனை வினாடி என்று அவளே முதலில் சொல்லட்டும், பிறகு நீ உண்மையைச் சொல். ஆரம்பத்தில் நாலைந்து வினாடி தவறும். ஒரு வினாடிக்குள் வந்துவிட்டால் அவள் தன் வேகத்துக்கு எஜமானி.

இன்னொன்று, வளைவில் முந்தப் பார்க்கிறாள். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாவது தடத்தில் ஒரு வளைவு முழுக்க ஓடினால் ஏறக்குறைய 3.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அவள் வேகத்தில் அது முக்கால் வினாடிக்கு மேல். வளைவில் முன்னால் போகிறவளின் தோளுக்குப் பின்னால் ஒட்டிப் போகட்டும், நேர்ப்பாதை வந்ததும் முந்தட்டும்.

இப்போது பயிற்சி. வாரத்துக்கு நான்கு நாள், அதற்கு மேல் வேண்டாம். செவ்வாய்க்கிழமை திடலில் 300 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 66 வினாடி, நடுவில் இரண்டு நிமிடம் நடை. ஐந்தாவதில் 70 வினாடிக்கு மேல் போய்விட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்து. வியாழக்கிழமை அரை மணி நேரம் மெதுவோட்டம், முடிவில் புல்லில் 80 மீட்டர் ஆறு தடவை, விறைப்பில்லாமல் வேகமாக. சனிக்கிழமை மேடு: இருபது வினாடி ஏறி ஓடுவது, நடந்து இறங்குவது, எட்டுத் தடவை. ஏற்றத்தில் முழங்காலைத் தூக்கித்தான் ஆக வேண்டும், பாதமும் தானாகச் சரியாக விழும். சொல்லிக் கொடுக்க முடியாத பல விஷயங்களை மேடு சொல்லிக் கொடுக்கும். ஞாயிறு கூட்டாளிகளோடு. திங்களும் வெள்ளியும் முழு ஓய்வு. புதன்கிழமை அவளுக்குப் பிடித்தால் பூப்பந்து ஆடட்டும். பள்ளிப் பயிற்சியையும் சேர்த்து, ஒரு வாரத்தில் அவள் விளையாட்டில் செலவிடும் மணி அவள் வயசைத் தாண்டக் கூடாது. பதினாலு வயசு என்றால் பதினாலு மணி நேரம், அதுவே உச்சவரம்பு.

தினமும் ஓடினால் என்ன ஆகும் என்று கேட்பாய். இந்த வயசில் எலும்பு முந்தி வளரும், தசையும் தசைநாரும் பிந்தி வரும். முழங்கால் சிப்பிக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பிலும் குதிகாலிலும் வலி வருவது அதனால்தான். அது ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். பயப்பட வேண்டிய வலி வேறு. கெண்டைக்கால் முன்னெலும்பை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திப் பார். நீளத்துக்கு லேசாக வலித்தால் அது களைப்பு, சில நாள் ஓய்வு போதும். ஒரே ஒரு இடத்தில், ஒரு காசு அளவு இடத்தில் சுரீரென்று வலித்தால், அதுவும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போ. போட்டி எத்தனை நாளில் என்று பார்க்காதே.

இதைவிட முக்கியமானது ஒன்று. பெண் பிள்ளைகளுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினாறுக்குள் உடம்பு மாறும், இடுப்பு அகலும், எடை கூடும். ஒரு வருஷம் போல ஓட்ட நேரம் அப்படியே நிற்கலாம், சில வினாடி கூடவும் செய்யலாம். அது பின்னடைவு இல்லை, வளர்ச்சி. அந்தச் சமயத்தில் பெற்றோர் சோற்றைக் குறைக்கிறார்கள், பயிற்சியைக் கூட்டுகிறார்கள், நல்ல ஓட்டக்காரிகள் பதினேழு வயசில் ஷூவைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பாப்பாவின் எடையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால், ஓடுகிற பிள்ளைக்கு அது சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஷூவைப் பற்றிச் சுருக்கமாக. நீ படம் அனுப்பிய ஷூ சாலை ஓட்டத்துக்கு உள்ளது. 2024 நவம்பர் 1 முதல் உலகத் தடகள விதிப்படி தடத்தில் ஓடும் ஷூவின் அடித்தடிமன் 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இது அதைவிட ரொம்பத் தடிப்பு, அந்த விதி கடைப்பிடிக்கப்படும் திடலில் அவள் போட முடியாது. சாதாரணப் பயிற்சி ஷூ ஒன்று வாங்கு. சாயங்காலம் கடைக்குப் போ, அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவு தெரியும். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மழையில் நனைந்தால் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காய வை. வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். ஆணி ஷூவை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடட்டும், முதல் தடவை 100 மீட்டர் நான்கு போதும், இல்லையென்றால் கெண்டைக்கால் இறுகிவிடும். போட்டி முடிந்ததும் ஆணிகளைக் கழற்றித் துடைத்து, திருகுமுனையில் கொஞ்சம் வாசலின் தடவி வை. நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்துவிட்டால் அப்புறம் கழற்றவே முடியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஐந்து பிள்ளைகள் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் கதை பேசிக்கொண்டு ஓடுகிறார்கள், நேரம் வீணாகிறது என்று எழுதியிருந்தாய். அந்த மெதுவோட்டம்தான் இதயத்தை வளர்க்கிறது. பேச முடிகிற வேகம் என்பதே சரியான வேகத்துக்கு அளவுகோல். ஒரு முழு வாக்கியம் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. காலை ஏழு மணிக்குக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை ஆறாது, உடம்புச் சூடு இறங்காது. அதனால் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடினாலும் கவலைப்படாதே, குளிர்நாட்டுப் பிள்ளைகளின் நேரத்தோடு ஒப்பிடவும் செய்யாதே. புகைமூட்ட நாளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓட்டமே கிடையாது. சாயங்காலப் பயிற்சியில் இடி கேட்டால் உடனே திடலை விட்டு வா, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

ஐந்து பேருக்கும் ஐந்து வேகம் என்பதால் யாராவது பின்தங்கி மனம் நோகும். அதற்கு நல்ல விளையாட்டு இருக்கிறது. ஐந்து பேரும் சேர்ந்து புறப்பட்டு அவரவர் வேகத்தில் ஒரே பாதையில் இருபது நிமிடம் போகட்டும். இருபதாவது நிமிடம் யார் எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்பி, போன வேகத்திலேயே வரட்டும். வேகமானவள் தூரமாகப் போயிருப்பாள், மெதுவானவள் பக்கத்தில்தான் இருப்பாள், புறப்பட்ட இடத்துக்கு ஐந்து பேரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்வார்கள். கடைசி 200 மீட்டரில் அந்தப் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பைப் பார், பாப்பா ஏன் ஓடுகிறாள் என்று உனக்கே தெரியும். அந்த நேரத்தில் நீ கடிகாரத்தை எடுக்காமல் இருந்தால் போதும்.

ஓடி முடித்துச் செந்தூலில் தோசை சாப்பிடுவதும் பயிற்சியில் சேர்த்திதான். ஓடி முடித்த முக்கால் மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ளே போனால் கால் சீக்கிரம் தேறும். இரண்டு தோசை, சாம்பார், நன்றாக வெந்த முட்டை இரண்டு, ஓர் இளநீர், வேறென்ன வேண்டும். தே தாரேக் மட்டும் ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். சாப்பாட்டோடு தேநீர் சேர்ந்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. மாதவிடாய் வந்த பிள்ளை, தினமும் வியர்க்கிற பிள்ளை, இரும்புச்சத்து குறைந்தால் காரணம் தெரியாமலே களைத்துப்போவாள். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை, கூடவே ஒரு துண்டு கொய்யா அல்லது எலுமிச்சை பிழிந்த தண்ணீர் கொடு. நெத்திலியைத் தலையோடு வறுத்துக் கொடு, எலும்புக்கு நல்லது. போட்டி நாளில் மூன்று மணி நேரம் முன்னாலேயே இட்லியும் ஒரு வாழைப்பழமும். நாசி லெமாக் வேண்டாம், தேங்காய்ப்பாலும் சம்பாலும் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், மூன்றாவது சுற்றில் மேலே வரும்.

படிப்பு கெட்டுவிடும் என்று மருமகள் பயப்படுவது நியாயம்தான். நம் மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் எம்.ஜெகதீசன் மருத்துவம் படித்தவர். 1966ல் பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கினார், 1968ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அதே 1966ல் எம்.ராஜாமணி 400 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். 1985ல் ஜகார்த்தாவில் பி.ராஜ்குமார் 800 மீட்டரில் ஆசிய வெற்றியாளரானார். ஜி.சரவணன் 1998ல் கோலாலம்பூரிலேயே 50 கிலோமீட்டர் வேகநடையில் காமன்வெல்த் தங்கம் வாங்கியபோது வயசு இருபதுகளின் கடைசி. பாப்பாவுக்கு இவர்கள் பெயர் தெரிய வேண்டும், நீ சொல்லிக் கொடு. வாரத்தில் மூன்று நாள் மாலை டியூஷனுக்கு மிச்சம் இருக்கிறது, அது போதும்.

பள்ளி விடுமுறைக்கு ஐந்து பிள்ளைகளையும் இங்கே கூட்டி வா. தாவரப் பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதையில் கொடிமலை ஏறலாம், ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். ஓட வேண்டாம், வேகமாக நடந்து ஏறட்டும். இறங்கும்போது நடந்தால் அந்தச் சரிவில் தொடைத் தசை இரண்டு மூன்று நாளைக்குப் பிடித்துக்கொள்ளும், அதனால் மலை ரயிலில் ஆயர் ஈத்தாமுக்கு இறங்கிவிடலாம், வீடு பக்கத்தில்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை, எல்லாம் முதுகுப் பையில். பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தால் குரங்கு பிடுங்கும். யார் யார் வருகிறார்கள், யாருக்கு என்ன சாப்பிட ஆகாது என்று ஒரு வாரம் முன்னால் எழுது, பாயும் தலையணையும் வெயிலில் போட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா