எழுதிய தாளில் ஒரு நகல் எங்களுக்கும் வேண்டும்

நெல்லைச் சீமையில் சதுரங்கப் போட்டி நடத்தும் அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம். ஆடும்போது நகர்வுகளை எழுதும் தாளில் ஒரு நகல் ஆடியவருக்கும் வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் புள்ளி 1500ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. போன கோடை விடுமுறையில் பாளையங்கோட்டையில் நடந்த ரேட்டிங் போட்டிக்குத் தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் வந்து ஆடினேன். ஐந்தாம் சுற்றில் எதிரே எட்டாம் வகுப்புப் பையன், அவனுக்கு வெள்ளை.

மூன்றரை மணி நேரம் ஆடினோம். கடைசியில் அவனிடம் யானையும் ஒரு சிப்பாயும், என்னிடம் யானை மட்டும். பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டிக்கொடுத்த தற்காப்பு இருக்கிறது. வெள்ளை ராஜா ஏறி வராதபடி யானையை வெள்ளையின் பக்கமிருந்து எண்ணினால் ஆறாம் வரிசையில் நிறுத்த வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகுதான் யானையைக் கீழே இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். படித்திருந்தேன். ஆனாலும் கை முந்திவிட்டது. சிப்பாய் நகருமுன்பே இறக்கினேன், தோற்றேன்.

“அங்கிள், யானைய அங்கயே வச்சிருந்தா டிராதான?” என்று கேட்டான்.

“தெரியலப்பா, வா வச்சுப் பாப்போம்” என்றேன். அதற்குள் நாங்கள் கையெழுத்திட்ட தாள்கள் போய்விட்டன. காய்களையும் அடுத்த சுற்றுக்கு அடுக்கிவிட்டார்கள்.

வீட்டில் நினைவிலிருந்து வைத்துப் பார்த்தேன். முன்கூட்டியே இறக்கியும் டிரா இன்னும் கையில்தான் இருந்தது! அப்படியென்றால் கோட்டைவிட்டது அதற்குப் பிறகு. எந்த நகர்வில்? கடைசிப் பத்து நகர்வுகள் எனக்கு ஞாபகமே இல்லை.

தாள் அமைப்பாளருக்கே சொந்தம் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி, மறுக்கவில்லை. நகர்வுக்கு 30 விநாடி கூடும் ஆட்டத்தில் கடைசிவரை எழுதியே ஆக வேண்டும் என்பதும் விதிதான், எழுதினோம். செல்போன் வெளியே இருப்பதால் படமெடுக்கவும் வழியில்லை. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் ஆட்டங்களை வீட்டிலிருந்தே நகர்வு நகர்வாகப் பார்த்தோம். எங்கள் ஆட்டத்துக்கு இருந்தது அந்தத் தாள் மட்டுமே.

கார்பன் வைத்த தாள் கொடுங்கள். செலவு கூடுமென்றால் நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், மனமாரத் தருவோம். ஆடுகளத்துக்கு வெளியே ஒரு பெஞ்சும் இரண்டு பலகையும் போடுங்கள். களக்காட்டிலிருந்தும் கடையத்திலிருந்தும் பயிற்சியாளர் இல்லாமல் வரும் பிள்ளைகளுக்கு, ஆட்டம் முடிந்து எதிராளியோடு பேசும் அந்தக் கால் மணி நேரம்தான் பாடம்.

பழைய தாள்கள் ஏதாவது கட்டுக்குள் இன்னும் கிடந்தால் தேடிப் பாருங்கள்: ஐந்தாம் சுற்று, 43ஆம் போர்டு. ஒரு நகல் எனக்கு, ஒன்று அந்தப் பையனுக்கு.