கிட்டை வாங்கிட்டுப் போனவங்க டெஸ்ட் பண்ணாங்களா?

ஆசிரியருக்கு வணக்கம். மார்ச் மாசம் பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாசம்ங்கிறதால நாங்க ஆறேழு தொண்டூழியர்கள் ஞாயித்துக்கிழமை காலைல எங்க வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் கீழ மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். போன வருஷமும் இதே மேசைதான். வீட்லயே மலத்துல மாதிரி எடுத்து சோதனைக்கு அனுப்புற ஃபிட் கிட் நல்லாவே தீர்ந்துச்சு, போட்டோ எடுத்தோம், குரூப்ல போட்டோம், ஆனா வாங்கிட்டுப் போனவங்கள்ல எத்தனை பேர் டெஸ்ட் பண்ணி அனுப்புனாங்கன்னு எங்கள்ல ஒருத்தரும் திரும்பக் கேக்கல, அதைப் பத்தித்தான் எழுதணும்னு தோணுச்சு.

இந்த வருஷம் வந்த ஒரு ஆன்ட்டி சொன்னாங்க, "அது வீட்ல இருக்குப்பா, டிவி கீழ டிராயர்ல"ன்னு. ஏன் ஆன்ட்டி பண்ணலன்னா சிரிக்கிறாங்க, பக்கத்துல மருமகன் நிக்கிறாரு, எப்படிச் சொல்வாங்க. நம்ம ஆளுங்களுக்கு இதுல இருக்கிற பெரிய தடையே கூச்சம்தான், காசு இல்ல. 50 வயசு ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் ஃபிட் கிட்டை இலவசமாவே குடுக்குது, வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணா போதும்.

அப்புறம் பாஷை. நோட்டீஸ்ல "மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை"ன்னு இருக்கு, தப்பில்ல, ஆனா அதை நான் மைக்ல வாசிச்சப்போ கோப்பிக் கடைப் பக்கம் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. "அங்கிள், மோஷன் டெஸ்ட், வீட்லயே பண்ணலாம், ஊசி கிடையாது"ன்னு சொன்னதும் ரெண்டு பேர் எழுந்து வந்தாங்க. ஒரு காலி பாட்டிலைத் திறந்து காட்டினேன். டாய்லெட்ல பேப்பரைப் போட்டு அதுமேல போகணும், மூடியில ஒட்டியிருக்கிற சின்னக் குச்சியால அங்கங்க லேசா குத்தி எடுத்து திரும்ப பாட்டில்ல விட்டு டைட்டா மூடணும், தேதி எழுதணும், இன்னொரு நாள் ரெண்டாவது பாட்டில், அப்புறம் கவர்ல போட்டுத் தபால்ல அனுப்பிடணும். அவ்வளவுதானான்னு கேட்டாரு ஒரு அங்கிள், பாட்டில் அவர் சுண்டுவிரல் சைஸ்கூட இல்ல.

இன்னொன்னு, ரத்தம் வந்தாலே நம்ம வீடுகள்ல மூலம், உடம்புச் சூடு, மோர் குடின்னு முடிச்சிடுறோம். மூலமாவும் இருக்கலாம்தான். ஆனா இந்த டெஸ்ட் தேடுறது கண்ணுக்கே தெரியாத ரத்தத்தை, கண்ணுல தெரியிற அளவுக்கு ரத்தம் வந்தா கிட்டுக்குக் காத்திருக்காம நேரா டாக்டர்கிட்ட போகணும், இதை மேசையில உட்கார்ற தொண்டூழியர்களே சிலசமயம் மாத்திச் சொல்லிடுறாங்க (நானும் முதல் வருஷம் சொன்னேன்). ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்தா புற்றுநோய்னு அர்த்தம் இல்ல, கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா வச்ச குழாயை விட்டுப் பெருங்குடலைப் பாக்கிற சோதனை, பண்ணிப் பாக்கணும்னு அர்த்தம். குடல்ல வளர்ற பாலிப்ங்கிற சின்ன சதை புற்றுநோயா மாற 10 வருஷம்கூட ஆகலாம், கொலனோஸ்கோப்பி பண்றப்பவே அதை வெட்டி எடுத்துடலாம், அதாவது வர்றதுக்கு முன்னாடியே தடுத்துடலாம். சிங்கப்பூர்ல ஆண்கள் பெண்கள் ரெண்டு பேருக்குமே அதிகமா வர்ற முதல் மூணு புற்றுநோய்ல இது ஒன்னு, அப்படி இருந்தும் பாசிட்டிவ் லெட்டரை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி வச்ச ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும், மகளுக்கே நாலு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு.

அதனால இந்த வருஷம் நாங்க ஒன்னு மாத்தியிருக்கோம், கிட் வாங்குறவங்க சரின்னு சொன்னா போன் நம்பர் வாங்கிக்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சு அழைக்கிறோம். பாதிப் பேர் எடுக்கிறதில்ல, எடுத்தவங்கள்ல சிலர் "இன்னிக்கே பண்றேன் தம்பி"ன்னு சொல்லிட்டு போனை வச்சிடுறாங்க, பரவாயில்ல, அடுத்த வாரம் மறுபடி அழைப்போம். டிராயர் ஆன்ட்டி அனுப்பிட்டாங்க, ஆனா பாட்டில்ல தேதி எழுத மறந்துட்டாங்களாம், புது கிட் கேட்டிருக்காங்க. உங்க ஞாயிறு பக்கத்துல அந்தக் குச்சி பாட்டில் படத்தைப் பெருசா போட்டு "மோஷன் டெஸ்ட்"னு தலைப்பு வச்சா வெட்டி எடுத்து எங்க லிஃப்ட் பக்கத்துல ஒட்டிக்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரத் தொண்டூழியர் ஒருவர்