கணக்குக் கொப்பியோடு வந்த தங்கச்சிக்கும், எங்களோடு நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

நடந்தது என்னவென்று இதை வாசிக்கிற அநேகருக்குத் தெரியும். எங்கள் வீதியில், மகளின் பாடசாலையில், ரியூசனில் தெரியாதவர் இல்லை. அதனால் அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. போன்களில் பரவிய அந்த ஆபாசப் படம் பொய், முகம் மட்டும்தான் என் பிள்ளையுடையது. அது உண்மைப் படமாகவே இருந்திருந்தாலும் பரப்பினவர்களின் குற்றம் ஒரு துளியும் குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செய்தவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அவர்களைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் எழுத மாட்டேன், அதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கிறார்கள்.

நேற்று மகள் சீருடை உடுத்துப் பாடசாலைக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் பசிக்குது என்றாள். அந்த ஆறுதலோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிள்ளைக்கு நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயரைப் பொதுவில் போடுவதில்லை என்று நாங்கள் முடிவெடுத்திருப்பதால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். வாசித்தால் அவளுக்குத் தெரியும்.

மகள் அறையை விட்டு வெளியே வராத நாட்கள் அவை. ஒரு பின்னேரம் கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது. போய்ப் பார்த்தால் பதினொராம் ஆண்டுப் பிள்ளை ஒன்று. ரியூசனில் மகளைக் கண்டிருக்கிறாள், கதைத்துப் பழக்கமில்லை. சைக்கிள் கூடையில் கடந்தகால வினாத்தாள் கட்டு, அதற்கு மேல் மழைக்குப் பொலித்தீன் பை சுற்றிய சீ.ஆர். கொப்பி. அந்த நாட்களில் யார் வந்தாலும் வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம். என்ன விசயம் என்று கேட்டேன்.

"அன்ரி, அக்கா நிக்காவா? வட்ட நாற்பக்கல் கணக்கு விளங்குதில்ல. தேற்றம் தெரியும், நிறுவத்தான் வருகுதில்ல. அக்கா கணக்கில கெட்டிக்காரி எண்டு சேர் சொல்லுவார்."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போய்ச் சொன்னேன். பதில் இல்லை. சரி, பிள்ளையைத் திருப்பி அனுப்புவோம் என்று கதவடிக்கு வந்தபோது, "எந்த ஆண்டுப் பேப்பராம்?" என்று கேட்டாள். படம் பரவிய பிறகு அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இரண்டு பேரும் விறாந்தையில் இருந்தார்கள். கவராயம் பாடசாலைப் பைக்குள் கிடந்தது. அந்தப் பையைத் தொடவே மகளுக்கு மனமில்லை. தேத்தண்ணி குடித்து முடித்த கோப்பையைக் கொப்பியில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் கீறினாள். நாலு புள்ளி வைத்து இணைத்தாள்.

"எதிர்க் கோணம் ரெண்டையும் கூட்டினா எவ்வளவு?"

"180 பாகை."

"அப்ப அத முதல்ல எழுது. காரணம் எழுதாட்டி புள்ளி போடமாட்டாங்க. தேற்றம் தெரியும் எண்டு சொன்னா மட்டும் காணுமா?"

அந்த அதட்டலைக் கேட்டுக் குசினிக்குள் நின்று அழுதேன். என் பிள்ளையின் பழைய குரல் அது. தம்பியை ஏசுகிற குரல்.

தங்கச்சி வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒருநாள் மகளே பாடசாலைப் பையைத் திறந்து கவராயத்தை எடுத்தாள். அப்புறம் ஒருநாள், "பாலத்தால தனியப் போக அம்மா விடுறா இல்ல, அக்கா வந்தா நானும் ரியூசனுக்குப் போவன்" என்றாள் தங்கச்சி. இரண்டு சைக்கிளும் கல்லடிப் பாலத்தால் ஒன்றாகப் போகத் தொடங்கியது அப்படித்தான்.

அந்தக் கணக்கு அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. தவணைப் பரீட்சைப் புள்ளியை அவளே பிறகு காட்டினாள். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அன்போடுதான் வந்தார்கள், ஆனால் நோயாளியைப் பார்க்கிற முகத்தோடு வந்தார்கள். குரலைத் தணித்துக் கதைத்தார்கள். மகள் இன்னும் ஒடுங்கிப் போனாள். இவள் இரக்கப்பட்டு வரவில்லை. தேவை இருந்தது, வந்தாள். ஊரே என் பிள்ளையை வேறு கண்ணால் பார்த்த கிழமையில், இவளுக்கு மட்டும் அவள் கணக்குத் தெரிந்த அக்காவாகவே இருந்தாள். தங்கச்சி, நீ கேட்டு வந்த உதவியை விட நீ தந்துவிட்டுப் போனது பெரிது. உன்னை வளர்த்த அம்மாவுக்கும் என் கும்பிடு.

மற்ற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் நடு இரவில் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அடித்தபோது, தமிழில் பொறுமையாகக் கதைத்து வழி சொன்ன சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைப் பிள்ளைக்கு நன்றி. "அழிக்கிறதுக்கு முதல் ஸ்கிரீன்ஷொட் எடுங்க, நம்பரும் நேரமும் தெரியணும்" என்று சொல்லி, என் மகளை ஒரு தடவையும் குற்றவாளியைப் போல் கேள்வி கேட்காத பொலிஸ் உத்தியோகத்தருக்கு நன்றி. கனடாவிலிருந்து இரவிரவாக விழித்திருந்து 'டேக் இட் டவுன்' சேவையில் பதிய வழிகாட்டிய தம்பியின் மகனுக்கு நன்றி. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் இப்படியான படங்களை இணையத்திலிருந்து நீக்க உதவுகிற இலவச சேவை அது. படம் நம் போனை விட்டு வெளியே போவதில்லை, அதிலிருந்து எடுக்கிற கைரேகை போன்ற ஓர் இலக்கம் மட்டும்தான் போகிறது. அதை வைத்து பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை தேடி நீக்குகின்றன.

ஆனால் வட்ஸ்அப் குரூப்புக்குள் போனதை அந்தச் சேவையால் பிடிக்க முடியாது. அங்கே மனிசர்தான் அழிக்க வேண்டும். வகுப்பாசிரியை அதைத்தான் செய்வித்தார். தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவை வகுப்பில் வாசித்துக் காட்டி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் இப்படியான படத்தை அனுப்புவது மட்டுமல்ல, போனில் வைத்திருப்பதும் குற்றம் என்று விளங்கப்படுத்தினார். அன்று பின்னேரமே எத்தனையோ பிள்ளைகள் அழித்தார்கள். சிலர் ரீச்சர் சொல்வதற்கு முதலே அழித்து, மற்றவர்களிடமும் அனுப்பாதே என்று சொல்லியிருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி. மாமாங்கத்தில் அர்ச்சனை செய்வித்த மாமிக்கு, சோறு கட்டிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கு, துஆ கேட்ட காத்தான்குடி நானாவின் குடும்பத்துக்கு நன்றி.

இனி எந்த வீட்டுப் பிள்ளையின் படம் என் போனுக்கு வந்தாலும் நான் ஒருவருக்கும் அனுப்ப மாட்டேன். வந்த விசயத்தை அந்த வீட்டாருக்குச் சொல்வேன், அனுப்பியவரிடம் முகத்துக்கு நேரே கேட்பேன். அந்த வீட்டுக்குப் போனால் துக்க வீட்டுக்குப் போவது போல் போக மாட்டேன். அந்தப் பிள்ளையிடம் கேட்க எனக்கு ஏதாவது இருக்கும். போனில் எனக்குத் தெரியாததே எவ்வளவோ கிடக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் பிள்ளையின் போனைப் பறிக்காதீர்கள் என்று தாய் தகப்பன்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். 1929 இலக்கத்தில் கதைத்த பிள்ளை எனக்கு முதலில் சொன்னது அதைத்தான். பறித்தால் அடுத்த முறை நம்மிடம் சொல்லாது.

தங்கச்சி, ஓ.எல். சோதினை முடியும் வரைக்கும் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று அக்கா சொல்லச் சொன்னாள். திரிகோணகணிதத்தில் உனக்கு இன்னும் பிழை வருகிறதாம். சனிக்கிழமை பின்னேரம் பேப்பர் கட்டோடு வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு தாய்