வலிப்பு மருந்து எழுதித்தரும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

வலிப்பு நோய்க்கு மாத்திரை எழுதித்தரும்போது "ஒரு வேளைகூட விடக்கூடாது" என்று நீங்கள் சொல்வது சரியே. திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் பேச்சு அத்துடன் முடிந்துவிடுவதால் நேரும் கேட்டைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

என் தங்கைக்குக் கார்பமசெபின் என்னும் வலிப்பு மருந்து தொடங்கிய மூன்றாவது வாரத்தில் காய்ச்சலும் கண் எரிச்சலும் வந்தன. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர் விழுங்கவும் முடியாமல் போயிற்று. அப்போதும் நாங்கள் மாத்திரையைத் தவறாமல் கொடுத்துவந்தோம், ஏனெனில் நிறுத்தக்கூடாது என்பது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. மார்பில் செந்திட்டுகள் பரவி, தோல் கொப்பளித்து உரியத் தொடங்கிய பிறகே அது மருந்தின் எதிர்விளைவாக வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்னும் கடும் தோல் நோய் என்று அறிந்தோம். அவள் பிழைத்துக்கொண்டாள், கண்ணின் வறட்சியும் கூச்சமும் இன்றும் நீங்கவில்லை.

இது அரிதாக வருவது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரும் காலம் பெரும்பாலும் தெரிந்ததே: கார்பமசெபின், பெனிட்டோயின், ஃபீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின் ஆகிய மருந்துகளுக்கு முதல் 8 வாரங்களே ஆபத்து மிகுந்தவை. தோல் உடற்பரப்பில் 30 விழுக்காட்டுக்கு மேல் உரிந்துவிட்டால், ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறக்கக்கூடும். லாமோட்ரிஜினை வால்ப்ரோயேட் என்னும் மற்றொரு வலிப்பு மருந்துடன் சேர்த்துக் கொடுக்கையில் அளவை மிக மெதுவாகக் கூட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் வீட்டாருக்கு அது தெரியாது.

எச்எல்ஏ-பி 15:02 என்னும் மரபணு வகைக்கும் கார்பமசெபினால் வரும் இந்நோய்க்கும் உள்ள நெருங்கிய தொடர்பைத் தைவான் ஆய்வாளர்கள் 2004-இலேயே காட்டினார்கள். எனினும் மருந்து தருமுன் இம்மரபணு வகை உள்ளதா என்று பார்க்கும் பரிசோதனை மட்டும் போதாது. ஹாங்காங்கில் 2008 முதல் அது கட்டாயமானபின் கார்பமசெபினால் வந்த பாதிப்பு ஏறக்குறைய மறைந்தது. ஆனால் அதற்குப் பதிலாகப் பெனிட்டோயின் போன்றவை கூடுதலாக எழுதப்பட்டதால் மொத்தப் பாதிப்பு குறையவில்லை.

ஆகவே நான் கேட்பது மருந்துச்சீட்டில் இரண்டு வரி. முதல் 8 வாரங்களுக்குள் காய்ச்சல், தடிப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல் இவற்றில் எது வந்தாலும், அடுத்த வேளை மாத்திரையை விழுங்குமுன் இன்ன எண்ணை அழைக்கவேண்டும் என்பது முதல் வரி. அந்த எண்ணில் இரவிலும் ஒருவர் பதில் சொல்லி, மருந்தை நிறுத்தச் சொல்லும் அதே மூச்சில் லெவெடிராசிட்டம் போன்ற மாற்று மருந்தையும் ஏற்பாடு செய்யவேண்டும். ஒருமுறை பாதிப்பு வந்தவருக்கு எந்த மருந்தால் வந்தது, அதன் இன மருந்துகளில் எவற்றைத் தரக்கூடாது என்பது இரண்டாவது வரி. என் தங்கையின் சீட்டில் அதை நாங்களே கையால் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அண்ணன்