இழப்பீடு யாருக்குக் கிடைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1833-இல் பிரிட்டன் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டத்தைப் போற்றும் நாம், அச்சட்டம் 2 கோடி பவுண்டை அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே இழப்பீடாக வழங்கியதையும், உழைத்தவர்களுக்கு ஒரு காசும் தராமல், ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் அவர்களுள் பெரும்பாலோரை 1838 வரை அதே தோட்டங்களில் கூலியின்றி வேலை வாங்க இடமளித்ததையும் மறந்துவிடுகிறோம். அச்சட்டத்துக்குப் பின்னர் மொரிஷியசிலும் கயானாவிலும் அடிமைகளின் இடத்தை இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு நிரப்பினார்கள். வேலைக்கு வராத குற்றத்துக்கு அவர்களுக்குச் சிறைத்தண்டனையும் விதித்தார்கள்.

கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை 1930-இல்தான் வந்தது. ஆனாலும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும், முன்பணத்தைக் காட்டி வெளியேறவிடாமல் தடுப்பதும் இன்றும் தொடர்வது பொறுக்க முடியாத கொடுமை. அதிகாரிகள் முன்னறிவிப்பின்றிப் பணியிடங்களுக்குச் சென்று, தொழிலாளர்களிடம் தனியாக விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்